வயர் எந்த வழியா போகுது? கண்ணாடி லேம்ப் பேஸ் கேள்வி பதில்

போன இதழ்ல "சும்மா கிடக்குற கண்ணாடி ஜாடிய டேபிள் லேம்ப்பா மாத்திக்கலாம்"னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், இந்த தடவ வந்த கடிதம் மெயில் எல்லாம் அத பத்திதான். சில பேர் உடைஞ்ச ஜாடி போட்டோ வேற அனுப்பி இருக்கீங்க, பார்க்கவே பாவமா இருக்கு. எல்லாரும் என்ன கலர் என்ன டிசைன்னு ஆரம்பிக்கிறீங்க, நான் பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன், வயர் எந்த வழியா உள்ள போயி எந்த வழியா வெளிய வருது? அது தெரியாம வாங்குன ஜாடி பூ வைக்கத்தான் ஆகும். சரி, ஒவ்வொண்ணா வர்றேன்.

கேள்வி: அண்ணா, தடியான ஜாடி அடியில ஓட்டை போட்டேன், ரெண்டு ஜாடி போச்சு. ரெண்டுமே கடைசி நிமிஷத்துல, பிட் அந்தப்பக்கம் வரப்போற நேரத்துல டப்புனு ஒரு சத்தம், அடி தனியா கழண்டு வந்துடுச்சு. பிட் புதுசுதான். எங்க தப்பு பண்றேன்?

பதில்: தப்பு பிட்ல இல்ல தம்பி, கடைசி ரெண்டு மில்லிமீட்டர்ல இருக்கு. கண்ணாடிய அமுக்குனா தாங்கும், இழுத்தா தாங்காது, அதோட குணமே அதான். நீங்க ஒரு பக்கம் இருந்து அமுக்கும்போது மிச்சம் இருக்குற மெல்லிசு தட்டு மறுபக்கமா வளையப் பார்க்கும், அந்த மறுபக்கம் இழுபடும், அங்க ஒரு மயிரிழை கீறல் இருந்தா போதும், அது கிளம்பி ஓடிடும். 10 மி.மீ. தடிமன்ல முதல் 8 மி.மீ. நல்லபடியா போயிடுது, அந்த தைரியத்துலயே மிச்சத்தையும் அமுக்குறோம் பாருங்க, அங்கதான் போச்சு. நானும் ஆரம்பத்துல வரிசையா மூணு ஜாடி இப்படித்தான் காலி பண்ணினேன், மூணாவது அடுத்தவங்க ஜாடி.

இப்ப நான் பண்ற முறைய சொல்றேன். ஜாடிய கவுத்து ஈரத்துண்டு விரிச்ச ஒரு டப்புல அசையாம வச்சுக்குவேன். ஓட்டைய வெளிப்பக்கம் இருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா சில்லு பேர்றது எப்பவுமே பிட் வெளிய வர்ற பக்கம்தான், அது ஜாடிக்குள்ள போயிட்டா பின்னாடி வாஷர் மறைச்சிடும். ஓட்டை வர்ற இடத்த சுத்தி களிமண்ணோ புட்டியோ வச்சு குட்டியா வரப்பு கட்டி உள்ள தண்ணி ஊத்திக்கணும். தண்ணி சூட்டையும் எடுக்கும், தூள் பறக்காமயும் பார்த்துக்கும், கண்ணாடித்தூள் மூக்குக்குள்ள போகவே கூடாத சமாச்சாரம். கண்ணுக்கும் பாதுகாப்பு கண்ணாடி போட்டுக்குங்க, இத நான் ரெண்டாவது தடவ சொல்ல மாட்டேன். தண்ணி பக்கத்துல பிளக்ல சொருகுற டிரில் வேணாம், பேட்டரி டிரில் போதும், ஹேமர் மோடு, அதான் சுவத்துக்கு இடிச்சு இடிச்சு துளைக்கிற செட்டிங், ஆஃப்ல இருக்கான்னு பார்த்துக்குங்க.

பிட்டு வைரத்தூள் பூசின குழாய் மாதிரி இருக்கும்ல, அந்த வகை, 12 மி.மீ. சைஸ். ஏன் 12னா லேம்ப்புக்குள்ள போற மரை போட்ட பைப் பெரும்பாலும் 10 மி.மீ. இருக்கும், ஓட்டையும் கரெக்டா பத்தே இருந்தா இரும்பு கண்ணாடிய தொட்டுகிட்டே நிக்கும், என்னைக்காவது ஒரு நாள் லேம்ப்ப நகர்த்தும்போது கீறிடும், 12னா அந்த ரெண்டு மி.மீ. இடைவெளிக்கு ரப்பர் புஷ், அதான் பைப்ப சுத்தி உக்கார்ற குட்டி வளையம், போட்டுடலாம். வேகம் நிமிஷத்துக்கு 500லருந்து 900 சுத்துக்குள்ள இருந்தா போதும். எடுத்த எடுப்புல பிட்ட நேரா வச்சா வழுக்கிட்டு ஓடும், 45 டிகிரி சாய்ச்சு பிறை நிலா மாதிரி ஒரு தடம் விழ வச்சுட்டு மெதுவா நிமிர்த்துங்க. தண்ணி பால் மாதிரி ஆகும்போதெல்லாம் மாத்துங்க. முடியப்போற நேரத்துல சத்தம் மாறும், ரெண்டு மூணு ஓட்டை போட்டா உங்க காதுக்கே தெரிஞ்சிடும், அப்ப கைய தளர்த்திடுங்க, டிரில்லோட சொந்த எடையே போதும். ஒரு ஓட்டைக்கு பத்து நிமிஷம் ஆனா ஆகட்டும்.

கேள்வி: எனக்கு விரிசல் எல்லாம் இல்ல சார், பிட் வச்சு கொஞ்ச நேரத்துலயே மொத்த கண்ணாடியும் சின்ன சின்ன சில்லா கொட்டிடுச்சு. ஏதோ வெடிச்ச மாதிரி பயந்தே போயிட்டேன். ஏன் அப்படி?

பதில்: அது டெம்பர்டு கண்ணாடி சார். 600 டிகிரிக்கு மேல சூடாக்கி அப்படியே குளிர்ந்த காத்து அடிச்சு மேல்பக்கத்த சட்டுனு இறுக வச்சிருப்பாங்க, அதனால வெளித்தோல் முழுக்க அமுக்கத்துலயும் உள்பக்கம் முழுக்க இழுப்புலயும் இருக்கும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு பிடிச்சுகிட்டு சமமா நிக்குது. தோல ஒரு இடத்துல துளைச்சீங்கன்னா மொத்த கணக்கும் கலைஞ்சிடும். டெம்பர்டுல ஓட்டை வேணும்னா டெம்பர் பண்றதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும், அதுக்கப்புறம் எந்த பிட்டும் எந்த வித்தையும் நடக்காது.

வாங்குறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. லேப்டாப் ஸ்க்ரீன வெள்ளையா வச்சுட்டு, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுகிட்டு தலைய அப்படி இப்படி சாய்ச்சா ஒரு கோணத்துல ஸ்க்ரீன் இருட்டாயிடும், அந்த கோணத்துலயே இருந்து ஜாடிய ஸ்க்ரீனுக்கும் கண்ணுக்கும் நடுவுல பிடிங்க. திட்டு திட்டா வெளிச்சமோ கலரோ தெரிஞ்சா உள்ள இறுக்கம் இருக்குன்னு அர்த்தம். டெம்பர்டு மட்டும் இல்ல, ஊதி முடிச்சு சரியா ஆற வைக்காத ஜாடியும் இதுல மாட்டிக்கும், ரெண்டையுமே டிரில் பக்கம் கொண்டு போகாதீங்க.

கேள்வி: ஓட்டையே போடாம பாட்டில்ல லேம்ப் பண்ண முடியாதா அண்ணா? டிரில்ல கண்டாலே எனக்கு கை நடுங்குது.

பதில்: தாராளமா முடியும்மா. வாய் குறுகலான பாட்டிலுக்குன்னே ரப்பர் கார்க்கோட வர்ற ஹோல்டர் செட் இருக்கு, கார்க்க வாய்க்குள்ள அழுத்தி மேல ஹோல்டர மாட்டிட்டா வயர் பக்கவாட்டுலயே வெளிய வந்துடும், பாட்டிலுக்குள்ள போகவே வேணாம். குறை ரெண்டு இருக்கு. வயர் மேலருந்து தொங்குறது பின்னாடி தெரியும், சுவத்த ஒட்டி வச்சா பிரச்சனை இல்ல. ரெண்டாவது, யாராவது வயர இழுத்தா இழுப்பு உச்சியில விழும், லேம்ப் கவுந்துடும். அதனால பாட்டிலுக்குள்ள காய்ஞ்ச மணலோ கூழாங்கல்லோ பாதிக்கு மேல நிரப்பிடுங்க. கல்ல ஒவ்வொண்ணா போடாதீங்க, பாட்டில சாய்ச்சு உருட்டி விடுங்க, நேரா போட்டா அடி விரிஞ்சிடும்.

கேள்வி: ஜாடிக்குள்ள கலர் தண்ணி ஊத்தி, செயற்கை மீன் போட்டு, மேல பல்பு வச்சா சூப்பரா இருக்கும்னு தோணுது. பண்ணலாமா?

பதில்: கூடாது. தண்ணிக்கு மேல ஹோல்டர், நடுவுல வயர், கீழ்ல ஒரு ஓட்டை, இத வச்சுகிட்டு சூப்பரா இருக்குமான்னு கேக்குறீங்க. அந்த தோற்றம்தான் வேணும்னா தெளிவான கண்ணாடி மணிய நிரப்பி பேட்டரில ஓடுற சின்ன எல்இடி சரத்த உள்ள விடுங்க, தூரத்துலருந்து பார்த்தா தண்ணி மாதிரியேதான் தெரியும். சிப்பி, மரத்துண்டு எது போட்டாலும் நல்லா கழுவி நாள் கணக்கா காய வச்சுட்டு போடுங்க, லேசா ஈரம் இருந்தா கூட உள்ள ஆவி படிஞ்சு பனி மூட்டம் மாதிரி நிக்கும், அப்புறம் துடைக்க கை போகாது.

கேள்வி: சதுர கண்ணாடி துண்டுங்கள ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டி தூண் மாதிரி பேஸ் பண்ணினேன். ஒரு வருஷத்துல ஒட்டுன இடமெல்லாம் மஞ்சளாயிடுச்சு, நடுவுல குமிழி வேற. எந்த பசை நல்லது?

பதில்: நீங்க போட்டது எபாக்ஸியா இருக்கும், அது வெளிச்சம் பட பட மஞ்சளாகும், லேம்ப்புல வெளிச்சம் படாம எப்படி வைக்கிறது. தெளிவான கண்ணாடிக்கு யூவி பசைதான் என்னோட ஓட்டு. புறஊதா லைட் காட்டுற வரைக்கும் திரவமா இருக்கும், காட்டினதும் இறுகிடும், அதனால நிதானமா நேர் பார்த்து ஒட்டலாம். ஆனா கண்ணாடி வழியா அந்த வெளிச்சம் உள்ள போனாத்தான் வேலை செய்யும், கருப்பு அடர்கலர் கண்ணாடிக்கு ஆகாது. குமிழி வர்றதுக்கு காரணம் பசை இல்ல, நீங்க வைக்கிற விதம். நடுவுல ஒரே ஒரு சொட்டு விட்டு, மேல் துண்ட ஒரு ஓரமா வச்சு கதவு மூடுற மாதிரி மெதுவா சாய்ச்சு இறக்குனா காத்து அந்தப்பக்கமா வெளிய போயிடும். ஒட்டுறதுக்கு முன்னாடி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு அப்புறம் விரல் படாம பிடிங்க, கை எண்ணெய் ஒரு துளி இருந்தா போச்சு.

இன்னொரு விஷயம், ஓரம் பச்சையா தெரியுதேன்னு ஒருத்தங்க கேட்டிருந்தாங்க. அது அழுக்கு இல்ல, கண்ணாடில இருக்குற இரும்பு. 'லோ அயர்ன்'னு கேட்டு வாங்குனா வெள்ளையா இருக்கும். ஆனா அடுக்கு பேஸுக்கு அந்த பச்சைதான் அழகே, எனக்கு அது கடல் மாதிரி தோணும். இந்த வழவழப்பான தட்டை கண்ணாடி வருதே, அது உருகின வெள்ளீயம் மேல கண்ணாடி குழம்ப மிதக்க விட்டு எடுக்குறது, பில்கிங்டன் கம்பெனி 1959ல அந்த முறைய அறிவிச்சாங்க, அதுக்கு முன்னாடி இவ்ளோ மட்டமான பரப்பு வேணும்னா ரெண்டு பக்கமும் தேய்ச்சு தேய்ச்சு பாலிஷ் போடணும். பரப்பு மட்டமா இருக்கறதாலதான் உங்க பசை முடி அளவு மெல்லிசா பரவுது.

எடையையும் கணக்கு போட்டுக்குங்க. கண்ணாடி ஒரு கன சென்டிமீட்டர் 2.5 கிராம். 10க்கு 10 செ.மீ. துண்டு, 10 மி.மீ. தடிமன்னா ஒண்ணே 250 கிராம், 25 துண்டு அடுக்குனா ஆறேகால் கிலோ. அத பசைய மட்டும் நம்பி நிறுத்தாதீங்க, ஒவ்வொரு துண்டுலயும் நடுவுல ஓட்டை போட்டு ஒரே பைப்ப கோத்து மேலயும் கீழயும் நட்டு போடுங்க, வயரும் அதுக்குள்ளயே போயிடும். பார்த்தீங்களா, திரும்ப வயர்ல வந்து நிக்குறேன். நட்ட முறுக்கும்போது மட்டும் கண்ணாடிக்கும் வாஷருக்கும் நடுவுல ரப்பரோ கார்க்கோ வைங்க, கைல இறுக்குனது போக கால் சுத்துக்கு மேல ஸ்பானர் போட வேணாம். நல்லா ஒட்டி முடிச்ச பேஸ கடைசி நட்டுல உடைச்சவங்க லிஸ்ட்ல நானும் இருக்கேன்.

கேள்வி: வயரிங் நானே பண்ணலாமா? மேல பித்தளை மூடி போட்டிருக்கேன், தொட்டா லேசா சுருக்குனு இருக்கு.

பதில்: முதல்ல பிளக்க பிடுங்குங்க, படிச்சு முடிச்சுட்டு இல்ல, இப்பவே. கண்ணாடி மின்சாரத்த கடத்தாது, ஆனா உங்க லேம்ப்ல பைப், மூடி, நட்டு எல்லாம் உலோகம், எங்கயோ வயர் தோல் உரிஞ்சு பைப்ப தொடுது. பைப் வாயில இருக்குற பிசிர அரம் போட்டு தேய்ச்சு எடுக்காம வயர இழுத்திருப்பீங்க, அது கத்தி மாதிரி சீவி விட்டிருக்கும். வயர் உலோகத்த தாண்டுற ஒவ்வொரு இடத்துலயும் பிளாஸ்டிக் புஷ் போடணும், அடியில வெளிய வர்ற இடத்துல வயர கடிச்சு பிடிக்கிற கிளாம்ப் போடணும், அப்பத்தான் யாரு இழுத்தாலும் இழுப்பு ஹோல்டர் ஸ்க்ரூவுக்கு போகாது. வெளிய தெரியற உலோகம் இருந்தா மூணு கம்பி வயர் போட்டு எர்த்த பைப்போட இணைங்க. 0.75 சதுர மி.மீ. வயர் ஒரு டேபிள் லேம்ப்புக்கு தாராளம்.

சுத்தி மாட்டுற பல்பு ஹோல்டர்னா, 27 மி.மீ. இருக்குமே அது, லைன் கம்பி, அதான் கரெண்ட் வர்ற கம்பி, அடியில இருக்குற நடு புள்ளிக்கும், நியூட்ரல் சுத்தி இருக்குற மரைக்கும் வரணும், மாத்தி கொடுத்தா பல்பு எரியும்தான், ஆனா பல்ப கழட்டும்போது விரல் படுற இடத்துல கரெண்ட் நிக்கும். சுவிட்ச்சும் லைன்லதான் இருக்கணும். இதெல்லாம் படிக்கும்போதே தலை சுத்துதுன்னா கண்ணாடி வேலை உங்களோடது, வயரிங் எலக்ட்ரீஷியனோடதுன்னு பிரிச்சுக்குங்க, அதுல ஒரு வெட்கமும் இல்ல. பல்பு எல்இடியே போடுங்க, 9 வாட்ஸ் எல்இடி கிட்டத்தட்ட பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு வெளிச்சம் தரும், பழசு தின்னதுல பெரும்பங்கு சூடாத்தான் போச்சு, பக்கத்துல கண்ணாடியும் பசையும் இருக்கும்போது அந்த சூடு எதுக்கு.

கேள்வி: லேம்ப் பண்ணிட்டேன், ஆனா ஷேடு மாட்டுனா கோமாளி தொப்பி போட்ட மாதிரி இருக்கு, லேசா இடிச்சாலே ஆடுது.

பதில்: ஷேடோட உயரம் பேஸ் உயரத்துல மூணுல ரெண்டு பங்கு, அகலம் பேஸோட அகலமான இடத்த விட ஏறத்தாழ ரெண்டு மடங்கு, இத வச்சு ஆரம்பிச்சு அப்புறம் கண்ண நம்புங்க. ஹோல்டர் வெளிய தெரியக்கூடாது, அது மட்டும் சட்டம். ஆடுறதுக்கு ஒரு டெஸ்ட் பண்ணுங்க, அடி 15 செ.மீ. அகலம்னா ஒரு ஓரத்துக்கு கீழ 2.6 செ.மீ. உயரத்துக்கு புத்தகம் வைங்க, அது 10 டிகிரி சாய்வு, எல்லா பக்கமும் இப்படி சாய்ச்சும் விழலைன்னா சரி. விழுந்தா அடியில மரத்தட்டோ இரும்புத்தட்டோ அகலமா சேருங்க.

கேள்வி: மெர்குரி கிளாஸ் லேம்ப்னு விக்கிறாங்களே, உள்ள பாதரசம் இருக்கா அங்கிள்? குழந்தை இருக்குற வீடு.

பதில்: பேர்தான் மெர்குரி, பூச்சு வெள்ளி. 1849ல லண்டன்ல வார்னிஷ், தாம்சன்னு ரெண்டு பேர் பேட்டன்ட் வாங்குன முறை ஒண்ணு உண்டு, ரெட்டைச்சுவர் ஜாடி ஊதி நடுவுல வெள்ளி கரைசல ஊத்தி பூச வச்சு அடி ஓட்டைய அடைச்சிடுவாங்க. இப்ப வர்றதுல நிறைய வெறும் ஸ்ப்ரே பெயின்ட்தான். வீட்ல அந்த லுக் வேணும்னா ஜாடி உள்பக்கம் வினிகரும் தண்ணியும் பாதி பாதி கலந்து புகை மாதிரி தெளிச்சு, அது மேல 'மிரர் எஃபெக்ட்' ஸ்ப்ரே, அதான் முகம் பாக்குற கண்ணாடி மாதிரி பளபளப்பு தர்றது, மெல்லிசா ரெண்டு மூணு தடவ அடிச்சு, துணியால அங்கங்க ஒத்தி எடுங்க, நீர்த்துளி நின்ன இடமெல்லாம் பழசு பட்ட மாதிரி பொட்டு பொட்டா வரும். ஜன்னல திறந்து வச்சு பண்ணுங்க. நிஜ வெள்ளி முறை வீடியோ பார்த்து சில்வர் நைட்ரேட்டும் அமோனியாவும் கலக்குறவங்களுக்கு ஒண்ணு, அந்த மிச்ச கரைசல எடுத்து வச்சா வெடிக்கக்கூடிய பொருளா மாறும், தெரியாம அதுல இறங்காதீங்க.

கேள்வி: கெட்டி கண்ணாடி உருண்டைய பேஸா வச்சு லேம்ப் பண்ணினேன், ஜன்னல் ஓரமா வச்சிருந்தேன், மேஜைல கருகின கோடு விழுந்திருக்கு. வயர் சூடாகுதா?

பதில்: வயர் பாவம், அது ஒண்ணும் பண்ணல. உங்க உருண்டை ஒரு லென்ஸ். கெட்டி கண்ணாடி உருண்டை வெயில அதோட விட்டத்துல கால் பங்கு தூரத்துல ஒரு புள்ளியா குவிக்கும், 10 செ.மீ. உருண்டைனா பரப்புலருந்து வெறும் 2.5 செ.மீ.ல. சூரியன் நகர நகர அந்த புள்ளியும் நகர்ந்து கோடு போட்டிருக்கு. மேஜையோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க, திரைத்துணி இருந்திருந்தா தீயே பிடிச்சிருக்கும். இன்னைக்கே ஜன்னல விட்டு எடுங்க. தண்ணி நிரப்பின உருண்டையும் இதையேதான் பண்ணும், குவியுற தூரம் மட்டும் பாதி விட்டம். அந்த காலத்துல லேஸ் பின்றவங்க மெழுகுவர்த்தி முன்னாடி தண்ணி நிரப்பின கண்ணாடி உருண்டைய வச்சு அந்த ஒரே சுடர் வெளிச்சத்த ஊசி முனைல விழ வச்சு வேலை செஞ்சிருக்காங்க.

கேள்வி: பழைய பாட்டில்ங்கள கேஸ் அடுப்புல சூடாக்கி வளைச்சு நானே புது வடிவம் கொண்டு வரலாமா?

பதில்: வேணாம். அடுப்புல ஒரு பக்கம் சூடு ஒரு பக்கம் ஜில்லு, வெடிச்சு முகத்துல அடிக்கும். சரி எப்படியோ வளைச்சுட்டீங்கன்னே வச்சுக்குங்க, அப்புறம் 550 டிகிரி பக்கத்துல நிறுத்தி மணிக்கணக்கா ஆற வைக்கணும், அதுக்கு சூளை வேணும். ரெண்டு வேற வேற கண்ணாடிய சேர்த்து உருக்குறதும் ஆகாது, சாதா கண்ணாடி சூட்டுல விரியுறது போரோசிலிகேட்ட, அதான் லேப் பீக்கர் பண்ற சூடு தாங்குற கண்ணாடிய, விட கிட்டத்தட்ட மூணு மடங்கு, ஆறும்போது ஒண்ண ஒண்ணு பிச்சுக்கும்.

கேள்வி: எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் பண்ணினேன் அண்ணா, உடையல, ஆடல, ஷாக் அடிக்கல. ஆனா தெளிவான ஜாடி, உள்ள கருப்பு வயர் பாம்பு மாதிரி தெரியுது. எப்படி மறைக்க?

பதில்: வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துகிட்டு இருந்தேன். மறைக்கணும்னா அடியிலருந்து உச்சி வரைக்கும் பளபளன்னு ஒரே நேர் பைப் விட்டு அதுக்குள்ள வயர விடுங்க, கண்ணாடி நடுவுல ஒரு வெள்ளிக்கோடு மாதிரி நிக்கும், அதுவே ஒரு டிசைன்தான். இல்ல, ஜாடியோட பின்பக்கத்துல அடிய ஒட்டி ஓட்டை போட்டிருந்தீங்கன்னா கீழ் கால்வாசிய மட்டும் ஃப்ராஸ்டிங் ஸ்ப்ரே அடிச்சு மங்கலாக்குங்க, கண்ணாடிய அரிக்கிற கிரீம விட இது பாதுகாப்பு, அந்த கிரீம்ல இருக்குற ஃபுளோரைடு தோல்ல பட்டா லேசுல விடாது. எனக்கு புடிச்சது மூணாவது வழி, துணி சுத்தின வயர்னு வருது பாருங்க, நல்ல சிவப்பு ஒண்ணு வாங்கி ஜாடிக்குள்ள தாராளமா ரெண்டு சுத்து சுத்தி விடுங்க, தெரியட்டும். முடிச்சதும் போட்டோ அனுப்புங்க, இந்த பகுதிக்கு முழுசா இருக்குற ஜாடி போட்டோ ஒண்ணு கூட இன்னும் வரல.